காரில் ரகசிய ஸ்விட்ச் வைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி நம் மக்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கமெல்லாம் பழைய கார்கள் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. 2006 வரை தயாரான டொயோட்டா டாஸ், 2008 வரை வந்த நிசான் 1400 பிக்கப், 2009 வரை வந்த சிட்டி கோல்ஃப். இவற்றில் பலவற்றின் சாவியில் திருட்டைத் தடுக்கும் சிப் கிடையாது. புது வண்டி வைத்திருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. மெக்கானிக் கோளாறு பார்ப்பதற்காக ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு கருவியை மாட்டி, புதுச் சாவி பதிந்துகொண்டு திருடர்கள் ஓட்டிப் போய்விடுகிறார்கள். அதனால் வண்டியைக் கிளம்பவிடாமல் தடுக்கும், ஒளித்து வைத்த கில் ஸ்விட்ச் ஒன்று இருப்பது நல்லதுதான். செலவும் அதிகமில்லை. ஆனால் எல்லோரும் ஸ்விட்சை எங்கே ஒளிப்பது என்றே யோசிக்கிறார்கள். எந்த வயரை வெட்டுவது என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும்.

வெட்டுவதற்கு வழக்கமாக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ஸ்டார்ட்டர் சோலனாய்டுக்கு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்) போகும் மெல்லிய கட்டுப்பாட்டு வயர். இன்னொன்று, பெட்ரோல் பம்ப்.

ஸ்டார்ட்டரை வெட்டினால் ஒரு பெரிய நன்மை: ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை அது ஒருபோதும் நிறுத்தாது. ஸ்விட்ச் பழுதானாலும் வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு என் முதல் தேர்வு இதுதான். கையால் கியர் போடும் வண்டிக்கு இது போதாது. சாட்ஸ்வொர்த்தின் மேட்டுத் தெருக்களை நினைத்துப் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கை எடுத்துச் சரிவில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டால் ஸ்டார்ட்டர் இல்லாமலே இன்ஜின் பிடித்துவிடும்.

பெட்ரோல் பம்பை வெட்டினால் உருட்டினாலும் பயனில்லை. இங்கே வேறு சிக்கல். இன்ஜெக்‌ஷன் வண்டியில் குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தால் இன்ஜின் சில நொடி ஓடிவிட்டுத்தான் நிற்கும். திருடன் தெருமுனை வரை போய் நிற்பான், சரி. நீங்களே ஸ்விட்சைப் போட மறந்துவிட்டால்? வாசலைத் தாண்டிச் சாலையில் ஏறும்போது வண்டி நின்றுவிடும், பின்னால் டாக்ஸி வந்துகொண்டிருக்கும். அதனால் சாவியைத் திருப்புமுன் ஸ்விட்ச் என்ற பழக்கம் கைக்கு வரும்வரை இந்த முறையை நம்பி அவசரமாகக் கிளம்பாதீர்கள். கார்புரேட்டர் வைத்த நிசான் 1400 போன்றவற்றில் பம்பை இன்ஜினே இயக்கும், வெட்ட வயரே இருக்காது; மின்சாரப் பம்ப் உள்ள கார்புரேட்டர் வண்டியோ கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலில் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். பழைய டீசல் வண்டிக்குக் கணக்கே வேறு, அங்கே பம்பில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் சோலனாய்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறுதான் நெருப்பு வரை கொண்டுபோவது. கடையில் கிடைக்கும் சின்ன ஸ்விட்சை வாங்கி, பம்புக்குப் போகும் வயரை அப்படியே அதன் வழியாக ஓட விடுகிறார்கள். பெட்ரோல் பம்ப் சாதாரணமாக 5 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். சோலனாய்டு இழுக்கும் கணத்தில் அதைவிடவும் கூடும். 3 ஆம்பியர் தாங்கும் ஸ்விட்ச் இதில் சூடாகி, உள்ளே கருகி, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும் அல்லது விட்டுப்போகும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த வயரைத் தொடவே கூடாது, அதில் 100 ஆம்பியருக்கு மேல் போகும். சரியான வழி, 12 வோல்ட் கார் ரிலே ஒன்றை, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்சை, நடுவில் வைப்பது. பம்பின் மின்சாரம் ரிலேயின் 30, 87 என்ற முனைகள் வழியாகப் போகட்டும். ரகசிய ஸ்விட்ச் 85, 86 முனைகளுக்கு இடையிலுள்ள சுருளை மட்டும் இயக்கட்டும். சுருள் இழுப்பது 0.2 ஆம்பியருக்குள்தான், எந்தச் சின்ன ஸ்விட்சும் தாங்கும். மெல்லிய வயரை ஒளிப்பதும் சுலபம். மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட வேண்டும்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சிலர் வண்டி நிற்கும்போது ரிலே சுருளில் மின்சாரம் ஓடும்படி இணைத்துவிடுகிறார்கள். 0.16 ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 4 ஆம்பியர்-மணி போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரம் நின்றாலே ஸ்டார்ட் ஆகத் திணறும். சுருளுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டுமே உயிர்பெறும் வயரிலிருந்து எடுங்கள்.

பம்பின் பழைய ரிலேயையே ஸ்விட்சால் நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்த திருடன் ஃபியூஸ் பெட்டியில் அந்த ரிலேயைக் கழற்றிவிட்டு ஒரு துண்டு வயரால் பாலம் போட்டுவிடுவான். உங்கள் ரிலே ஃபியூஸ் பெட்டிக்கும் பம்புக்கும் நடுவில், கம்பளத்துக்கு அடியில் எங்காவது இருந்தால் அந்த வித்தை பலிக்காது. கூடுதல் வேலைதான், செய்யத் தகுந்த வேலை.

இணைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வயரின் தோலைக் குத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பயன்படுத்தாதீர்கள். டர்பன் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் கலந்தே வரும், அந்தக் குத்திய இடத்தில் பச்சை பிடித்துவிடும். பிறகு மழை நாளில் மட்டும் நிற்கும் வண்டி, காரணமே புரியாமல் அலைய வேண்டியதுதான். முறையான கருவியால் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். நிறத்தை மட்டும் நம்பி எந்த வயரையும் வெட்டாதீர்கள், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். மஞ்சள் உறை, மஞ்சள் கனெக்டர் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள், அது பெரும்பாலும் ஏர்பேக் வயரிங்.

ஒளிக்கும் இடம்: ஸ்டியரிங்குக்குக் கீழே வேண்டாம், திருடன் முதலில் தடவுவது அங்கேதான். சீட்டின் தண்டவாளத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், சீட் நகரும்போது வயர் நசுங்கும். முழங்கால் பட்டுத் தட்டுப்படும் இடம் அதைவிட ஆபத்து. என்2 நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பம்ப் நின்று இன்ஜினும் நின்றால், பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கும் ஓரிரு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும்.

இனி, இந்த நாட்டில் வாழும் நமக்கு மிக முக்கியமான விஷயம். கில் ஸ்விட்ச் நிறுத்தி வைத்த வண்டிக்கான காவல். துப்பாக்கியோடு வந்து வண்டியைப் பிடுங்குபவர்களுக்கு எதிரான ஆயுதமாக அதை நினைக்கவே நினைக்காதீர்கள். ஹைஜாக் பெரும்பாலும் வீட்டு வாசலில், கேட் திறக்கும் நேரத்தில் நடக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், இறங்கும்போது இரகசியமாக ஸ்விட்சைத் தட்ட முயலாதீர்கள். கையை மறைத்து எங்கோ நீட்டினால் ஆயுதம் எடுப்பதாக அவர்கள் நினைப்பார்கள். பத்தடி போய் வண்டி நின்றால் கோபத்தோடு திரும்பி வருவதும் உங்களிடம்தான். ஏற்கெனவே அணைத்துப் பூட்டிய வண்டியைத் திறக்கச் சொன்னால், ஸ்விட்ச் இருக்கிறது, இங்கே இருக்கிறது என்று உடனே வாயால் சொல்லிவிடுங்கள். பின்சீட்டில் பிள்ளை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். வண்டியைத் தேடிப் பிடிப்பது, அது இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கரின் வேலை.

ரகசியம் என்பதற்காக வீட்டில் உள்ளவர்களிடம்கூடச் சொல்லாமல் வைப்பதும் தவறு. அம்மாவோ மனைவியோ இரவில் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது வண்டி கிளம்பாமல் நிற்கக் கூடாது. சர்வீஸுக்கு விடும்போது ஸ்விட்சை ஓடும் நிலையில் வைத்து விடலாம். மின்சாரக் கோளாறு பார்க்கக் கொடுத்தால் மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நல்ல பம்பைக் கழற்றிப் புதிது போடுவார். கார் கழுவுமிடத்தில் பேச்சுவாக்கில் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள்.

காப்பீடு இருந்தால், வயரை வெட்டும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வேசா (வாகனப் பாதுகாப்புச் சங்கம்) சான்றிதழ் உள்ள இம்மொபிலைசர், அதாவது வண்டியைக் கிளம்பவிடாத கருவி, வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை வைத்திருக்கலாம், நாமே மாட்டிய ஸ்விட்ச் அதற்கு ஈடாகாது. வாரண்டி முடியாத புது வண்டியாக இருந்தால் கியர் லாக்கோடு நிறுத்திக்கொள்வதே மேல். வேலை முடிந்த பிறகு எந்த வயர், எந்த முனை, ஃபியூஸ் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து வீட்டில் வையுங்கள். அந்தத் தாளை டேஷ்போர்டு அறையில் வைத்துவிட வேண்டாம்.