சாத்துக்குடி ஜூஸ் கசக்காமல் இருக்க

ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். கூடவே டீ வேண்டாம், சாத்துக்குடி ஜூஸ் குடிக்கலாம் என்றார் டாக்டர். பழத்தின் வைட்டமின் சி, மாத்திரையிலும் கீரை, கேழ்வரகுக் களியிலும் இருக்கும் இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள உதவும். டீ அதைத் தடுக்கும்.

சரி என்று வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பழம் வாங்கிவந்து மிக்ஸியில் அடித்தால், வாயில் வைக்க முடியாத கசப்பு! சர்க்கரை போட்டும் அடங்கவில்லை.

விதையும் சுளையைச் சுற்றிய வெள்ளைத் தோலும் அரைபடுவதுதான் காரணம். இப்போது பழத்தைக் குறுக்கே வெட்டி, பிளாஸ்டிக் பிழிவானில் மெதுவாகத் திருகுகிறேன். கடைசிச் சொட்டு வரை அழுத்துவதில்லை. விதையை மட்டும் எடுத்துவிட்டு, பிழிந்த கையோடு குடித்துவிடுகிறேன். ஃப்ரிட்ஜில் வைத்தால் நேரம் ஆக ஆகக் கசப்பு கூடும். சர்க்கரை தேவையே இல்லை.

அளவு சின்ன டம்ளர், 150 மில்லி போதும். பிழியும்போது நார்ச்சத்து பெரும்பாலும் சக்கையோடு போய்விடுவதால், பழச் சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். அதனால் சுகர் இருக்கும் என் மாமியாருக்கு ஜூஸ் கிடையாது, சுளைதான். அப்புறம் அவர் அதில் மிளகாய்த்தூள் தூவிக்கொள்வது தனிக் கதை.