டர்பன் ஆவணக் காப்பகத்தில் தேடும் நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் வேர் தேடி டர்பன் காப்பகத்துக்கு வரும் நம் ஆட்களில் பலர், முன்னோர் வந்திறங்கியதைப் பதிவு செய்த கப்பல் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். கொள்ளுத்தாத்தா பெயர் கிடைத்தது, ஊர் கிடைத்தது, போட்டோ எடுத்தாயிற்று, கிளம்பலாம் என்று. எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரிதான்: கொலோனியல் நம்பர் (ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண்), பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு. அந்த நம்பரைக் குறித்துக்கொண்டு, 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' என்ற அரசு அதிகாரியின் அலுவலகக் கோப்புகளுக்குப் போங்கள். அடி, பாக்கி வைத்த கூலி, குறைந்த அரிசி என்று தோட்ட முதலாளிமேல் சொன்ன முறையீடுகள் அங்கேதான் இருக்கின்றன. இன்றைய எழுத்துக்கூட்டலில் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதில் முனுசாமி மூன்சாமி ஆகிவிட்டார்.

அந்தக் கோப்புகளில் அதிகாரி எழுதியதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 'அனுமதியின்றித் தோட்டத்தை விட்டுப் போனான்' என்று ஒருவர்மேல் குற்றம் பதிவாகியிருக்கும். எங்கே போனார்? பல வழக்குகளில், முதலாளி அடித்ததைச் சொல்லத்தான் நடந்தே போயிருப்பார். தேதியைப் பாருங்கள், அதையொட்டிய முறையீட்டையும் தேடிப் படியுங்கள். குற்றவாளியாகப் பதிவானவர் வாதியாக நிற்பார்.

'இந்தியர்' என்று தலைப்பிட்ட கோப்புகளை மட்டும் கேட்டு வாங்குவது இன்னொரு தவறு. நிறவெறி அரசு மனிதர்களைப் பிரித்த மாதிரியே காகிதங்களையும் பிரித்து வைத்தது. டர்பனிலுள்ள கேட்டோ மேனர் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் பெரும்பாலும் இந்தியர்களுடையது, அதில் வாடகைக்குக் குடிசை போட்டிருந்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த 1949 ஜனவரிக் கலவரத்தில் டர்பனில் 142 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அதில் ஆப்பிரிக்கர்களே அதிகம். நம் வீடுகளில் சொல்லும் கதையில் இது வருவதேயில்லை. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழவேண்டும் என்று 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்துக்குப் பிறகு இந்தியர்கள் சாட்ஸ்வொர்த்துக்கும் ஆப்பிரிக்கர்கள் க்வாமாஷுவுக்கும் விரட்டப்பட்டார்கள். ஒரே மண்ணில் நடந்தது இது. ஆனாலும் பாதியை ஒரு துறையிலும் மீதியை இன்னொரு துறையிலும் தேடவேண்டியிருக்கிறது. நகராட்சிக் கோப்புகள், ஆப்பிரிக்கர் விவகாரக் கோப்புகள் இரண்டையும் கேளுங்கள்.

டர்பனோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். 1929-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க இன உறவுகள் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அரசு சொல்லாமல் விட்டது அங்கே கிடைக்கலாம். நம் சமூகத்தின் காகிதங்களுக்கு, குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையம்.

போட்டோ எடுக்கும்போது பெட்டி எண்ணையும் கோப்பு எண்ணையும் சேர்த்தே எடுங்கள். அது இல்லாத படத்தை நாளை யாரும் சரிபார்க்க முடியாது.

கடைசியாக ஒன்று, இதை நினைத்தால் மனசு பதறுகிறது. பாட்டி இறந்ததும் டிரங்குப் பெட்டியைக் காலி செய்கிறார்களே, அதில் கிடக்கும் வீட்டைக் காலிசெய்யச் சொன்ன நோட்டீஸ், வாடகை ரசீது, பள்ளிச் சான்றிதழ் எதையும் எறியாதீர்கள். லேமினேட்டும் செய்யாதீர்கள், காகிதம் பாழாகிவிடும். ரசீதில் இருப்பது யார் பெயர், எந்தத் தெரு என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுத் தனித் தாளில் எழுதி, கூடவே வையுங்கள்.