கோலைக் கோட்டைவிடும் விருந்து: வீட்டில் கூடி மேட்ச் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டி. பிரான்ஸுக்கு எதிராக அர்ஜென்டினா 2-0 என்று முன்னிலையில் இருந்தது. வீட்டில் பதினான்கு பேர். 'இனி இந்த மேட்ச்சில் என்ன இருக்கிறது' என்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். 80ஆவது நிமிடத்தில் பெனால்டி என்று கத்தினார்கள். ஓடிவந்து பிரான்ஸின் எம்பாப்பே அடித்ததைப் பார்த்துவிட்டு, அடுப்பில் இருந்ததைத் திருப்பிப் போட மறுபடி உள்ளே போனேன். அவருடைய முதல் கோலுக்கும் அடுத்த கோலுக்கும் இடையே 97 விநாடிதான். என் வீட்டில், என் டிவியில், நான் கூப்பிட்ட அத்தனை பேரும் அந்த இரண்டாவது கோலைப் பார்த்தார்கள். நான் ரீப்ளே பார்த்தேன்.

வீட்டுக்கு ஆள் கூப்பிட்டு மேட்ச் பார்ப்பதில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த வகைதான். இதையும் ஒரு விருந்தாக நினைத்துத் திட்டம் போடுகிறோம். விருந்தில் நேரம் நம் கையில் இருக்கும். கால்பந்தில் அது நடுவர் கையில். 45 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் இடைவேளை, மறுபடி 45 நிமிடம் ஓட்டம். கிரிக்கெட் மாதிரி ஓவருக்கு ஓவர் மூச்சு விட இடம் கிடையாது. சாப்பாடு, விளையாட்டு, உட்காரும் இடம் எல்லாவற்றையும் இந்தக் கணக்குக்குள்தான் பொருத்த வேண்டும்.

முடியும் நேரம்

'ரெண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்' என்று சொல்லி ஆள் கூப்பிடுவது முதல் தவறு. லீக் ஆட்டமோ, குரூப் ஆட்டமோ என்றால் ஓரளவு சரி. அதிலும் இஞ்சுரி டைம், அதாவது ஆட்டம் தடைபட்ட நேரத்துக்கு ஈடாகப் பாதியின் முடிவில் சேர்ப்பது, இழுத்துவிடும். 2022இல் இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட்டதால் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் கூடுதலாகப் போனது. தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் ஆட்டம் சமனில் நின்றால் கூடுதல் நேரம் 30 நிமிடம், அதற்கும் மேல் பெனால்டி ஷூட்-அவுட். மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டியவரும், குழந்தையைத் தூங்க வைக்க வேண்டியவரும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வரட்டும். வரச் சொல்லும் நேரத்தையும் ஆட்டம் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வையுங்கள். இல்லாவிட்டால் முதல் பத்து நிமிடம் அழைப்பு மணிச் சத்தத்திலேயே போய்விடும்.

சாப்பாடு

எல்லாவற்றையும் முதலிலேயே மேசையில் பரப்பிவிடுவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சமைத்த உணவும், பால், முட்டை, இறைச்சி சேர்ந்தவையும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். அறையே 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. விருந்தாளிகள் வரும்போது வைத்தது, இரண்டாம் பாதி நடக்கும்போதே காலாவதி ஆகிவிடும் என்று அர்த்தம். கூடுதல் நேரத்தில் பசித்து ஒருவர் கை வைப்பது அந்தத் தட்டில்தான்.

அதனால் பிரித்து வையுங்கள். ஆட்டம் தொடங்கும்போது கெடாத கொறிப்புகள் போதும்: பாப்கார்ன், வறுத்த கடலை, பிஸ்கட் மாதிரி. சூடாகச் சாப்பிட வேண்டியது எதுவானாலும் இடைவேளைக்கு, ஒரே ஒரு முறை. அதை முன்பே செய்து முடித்து, இடைவேளையில் சூடுபடுத்துவதோடு வேலை தீர வேண்டும். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று சுடச்சுடப் பொரித்துப் போடும் ஆசை இருக்கிறதே, அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் பட்டது போதும். கூடுதல் நேரத்துக்கென்று ஒரு பாக்கெட் கொறிப்பைத் திறக்காமல் தனியாக வைத்திருப்பதும் நல்லது.

இடைவேளைக் கூட்டத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பதினைந்து பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் கடைசி ஆள் தட்டோடு திரும்பும்போது ஆட்டம் தொடங்கியிருக்கும். இதில் கழிவறை வரிசை வேறு. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல், இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற மாதிரி நகர்த்திப் போட்டாலே பாதி நேரம் மிச்சம். குடிக்கிறதை அந்த மேசையிலிருந்து எடுத்து அறையின் வேறொரு மூலையில் வையுங்கள். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். தண்ணீர் எடுக்கப் போகிறவர் சரியாக கார்னர் அடிக்கும்போதுதான் குறுக்கே போவார்.

எந்தச் சாப்பாடு என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு கையால் எடுத்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட முடிகிறதா? முடிந்தால் சரி. எலும்பு பிரிக்க வேண்டியது, குழம்பு வழிவது, கத்தி கேட்பது எல்லாம் வேண்டாம். கோல் விழும்போது மனிதர்கள் கையில் இருப்பதை மறந்துவிட்டு எழுந்து குதிப்பார்கள். சாஸ் கிண்ணத்தை மடியில் வைத்திருப்பவரும் குதிப்பார். அப்புறம், யாருக்கு எந்த ஒவ்வாமை என்று முன்பே கேட்டுவிடுங்கள். கடலை, பால், முட்டை சேர்ந்ததற்குச் சின்னதாக ஒரு சீட்டு எழுதி வைத்தால் போதும். சைவத்துக்குக் கரண்டி தனி.

திரை

ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு ஆப்பைத் திறந்தால் அது அப்டேட் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும், 'வேறு கருவிகளில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்' என்று சொல்லும். முந்தின நாளே ஏதாவதொரு நேரலையை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பத்துப் பதினைந்து போன்கள் உங்கள் வைஃபையில் ஏறிக்கொண்டால் படம் திக்கும். முடிந்தால் டிவிக்குக் கேபிள் இணைப்பு கொடுங்கள். ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கிறவர்கள் கவனிக்க: பகல் வெளிச்சத்தில் படம் வெளிறிப்போய் பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

இன்னொன்று, பலர் அடிபட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஸ்ட்ரீமிங் என்பது உண்மையான நேரலைக்குப் பின்னால்தான் ஓடும். தாமதம் பல நேரம் அரை நிமிடத்தைத் தொட்டுவிடும். ஸ்கோர் ஆப்பில் வரும் செய்தி அதை முந்திவிடும். பெனால்டி அடிக்க ஆள் இன்னும் ஓடிவரவே இல்லை, ஒருவர் போனைப் பார்த்து 'ஐயோ' என்கிறார். கதை முடிந்தது. போன்களைப் பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை. ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்துவிடச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கத்துவதற்கு மட்டும் மருந்து கிடையாது.

விளையாட்டுகள்

ஆட்டம் ஓடும்போது கவனத்தை வேறு பக்கம் இழுக்கும் விளையாட்டைத் தொடங்குவதுதான் இங்கே பெரிய தவறு. அறைக்கு நடுவில் வினாடி வினா நடத்தினால், மேட்ச் பார்க்க வந்தவர் எரிச்சலாவார். மேட்ச் பிடிக்காமல் வந்தவரும் சத்தத்தில் கேள்வியைக் கேட்க முடியாமல் எரிச்சலாவார். திரையைப் பார்க்கப் பார்க்கத் தானாக நடக்கிற விளையாட்டுதான் சரிவரும்.

சீட்டுக் குலுக்கல் அப்படி ஒன்று. ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே இரு அணிகளின் பதினொருவர் பட்டியலும் வந்துவிடும். 22 பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள், ஆள் குறைவென்றால் ஒருவருக்கு இரண்டு. முதல் கோல் அடிப்பவரின் சீட்டு யாரிடமோ அவருக்குப் பரிசு. கால்பந்தே தெரியாதவர்கூட தன் சீட்டில் இருக்கும் டிஃபெண்டர் முன்னால் ஓடினால் எழுந்து நிற்பார்.

ஆனால் விதியை எழுதாமல் தொடங்கினால் சண்டைதான். 2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் ஒரே கோலை 113ஆவது நிமிடத்தில் அடித்த ஜெர்மனியின் கோட்ஸே, 88ஆவது நிமிடத்தில் க்ளோஸாவுக்குப் பதிலாக உள்ளே வந்தவர். 22 சீட்டில் அவர் பெயரே இருந்திருக்காது. 'வெளியே போகிறவரின் சீட்டு உள்ளே வருகிறவருக்குச் சேரும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2018 இறுதிப் போட்டியில் முதல் கோல், குரோஷியாவின் மாஞ்சுகிச் தன் வலையிலேயே போட்டுக்கொண்டது. அது செல்லுமா? என்னைக் கேட்டால் செல்லாது, ஆனால் சீட்டு வைத்திருப்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஷூட்-அவுட்டில் போடுவது கோல் கணக்கில் சேராது; 2022 இறுதிப் போட்டியில் எம்பாப்பே அதிலும் போட்டார், அந்த ஆட்டத்தில் அவர் கணக்கில் மூன்றுதான் நிற்கிறது.

90 நிமிடத்தை ஆறு கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் கோல் விழும் என்று ஊகிப்பதும் நல்ல விளையாட்டு. இஞ்சுரி டைம் கோல் அந்தந்தப் பாதியின் கடைசிக் கட்டத்தைச் சேரும் என்று சொல்லிவிடுங்கள். ஒரு கோலுக்கு ஒரு பரிசு என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2014 அரையிறுதியில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று அடித்தபோது 23 முதல் 29ஆவது நிமிடத்துக்குள் மட்டும் நான்கு கோல்.

பிங்கோ அட்டை போடுகிறவர்கள் கட்டங்களைக் கோலால் நிரப்பிவிடுவார்கள். 0-0 ஆட்டத்தில் ஒன்றும் நிரம்பாது. கார்னர், ஆஃப்சைடு கொடி, மஞ்சள் அட்டை, கம்பத்தில் பட்டுத் திரும்பும் பந்து, கையை விரித்துப் புலம்பும் பயிற்சியாளர், தலையில் கை வைத்த ரசிகர் என்று போடுங்கள். பணம் கட்டி விளையாடுவதைத் தவிர்த்துவிடுங்கள். பல இடங்களில் சட்டச் சிக்கல், எல்லா இடங்களிலும் மனக்கசப்பு. பரிசு சிரிப்பு வரவழைக்கிறதாக இருந்தாலே போதும். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்று ஒருமுறை வைத்தோம், சரியாக நானே தோற்றேன்.

கூடும் ஆட்கள்

ஆஃப்சைடு என்றால் என்ன என்று யாராவது கேட்பார். கோல் ரத்தாகி விஏஆர் (வீடியோ நடுவர்) பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கேட்பார். சலித்துக்கொள்ளாமல், இடைவேளையில் உப்பு டப்பாவையும் கரண்டியையும் வைத்து விளக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி மூலை வேண்டும், 45 நிமிடம் அவர்களால் உட்கார முடியாது. இரண்டு அணிகளின் தீவிர ரசிகர்களையும் ஒரே சோபாவில் அடைக்காதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணியின் ரசிகருக்கு ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். ரீப்ளேயும் வேண்டாம், 'அந்தப் பெனால்டி கொடுத்திருக்கக் கூடாது' என்ற அனுதாபமும் வேண்டாம். நான் பார்த்தவரை, அவர்தான் முதலில் எழுந்து யாரிடமும் பேசாமல் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பிப்பார். விடுங்கள், அடுக்கட்டும்.