நல்லூரிலிருந்து தின்னவேலி வரை: வான் பிடிக்காமல் ஒரு நாள்

யாழ்ப்பாணம் வரும் நம்மவர்களில் பலர் முதல் நாளே வாடகைக்கு ஒரு வான் பிடித்து, கோட்டை, நூலகம், கசூரினாக் கடற்கரை, நயினாதீவு என்று ஓடி முடித்துவிடுகிறார்கள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இன்றைய யாழ்ப்பாணத்தில் இளம் பிள்ளைகள் பின்னேரத்தில் எங்கே கூடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எதைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா? நல்லூருக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். நான் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அதைத்தான் முதலில் செய்கிறேன்.

முதலில் பெயர். திருநெல்வேலி என்று எழுதுவோம். வாயில் வருவது தின்னவேலி. ஆட்டோக்காரரிடம் "தின்னவேலிச் சந்தி" என்று சொன்னால் மறுகேள்வி இல்லை. இணையத்தில் தங்குமிடம் தேடும்போது யாழ்ப்பாணம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் தமிழ்நாட்டுத் திருநெல்வேலி வந்து நிற்கும்.

தங்குவதற்கு நல்லூரைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் சின்னச் சின்ன விடுதிகள் நிறைய இருக்கின்றன. நல்லூர்த் திருவிழாக் காலம் என்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேற்றம், ஆவணி அமாவாசையில் தீர்த்தம், மொத்தம் 25 நாட்கள். அந்த நாட்களில் கோவிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் போக முடியாது. ஒருமுறை இது தெரியாமல் கோவிலுக்கு மிக அருகில் ஒரு விடுதி எடுத்துவிட்டேன். பதிவு செய்தபோது அவர்களும் ஒரு சொல் சொல்லவில்லை. மூன்று பெட்டிகளோடும் எழுபது வயது அம்மாவோடும் மத்தியான வெயிலில் நடந்து போன அந்தத் தூரத்தை என்னால் மறக்க முடியாது. ஆகவே விடுதிக்காரரிடம் முதலே கேளுங்கள்: "வாசல் வரை வாகனம் வருமா?"

இந்தப் பகுதிக்கு ஏற்ற வாகனம் சைக்கிள். நிலம் தட்டையானது, தூரமும் குறைவு. பல விடுதிகளில் வாடகைக்குத் தருவார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இடது பக்கமாக ஓட வேண்டும் என்பதை நாலு தரம் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும், மத்தியானம் விடும் நேரத்திலும் பலாலி வீதியில் நெரிசல் அதிகம். அப்போது உள் ஒழுங்கைகளே நல்லது. கந்தர்மடத்திலிருந்து அரசடி வீதியால் நல்லூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். மதிலுக்கு மேலே மாமரமும் முருங்கையும் எட்டிப் பார்க்கும். இடையிடையே பூட்டிக் கிடக்கும் வீடுகள் வரும். யாருடைய வீடு, இப்போது எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

சைக்கிள் ஓட முடியாதவர்களுக்கு ஆட்டோ. ஆட்டோ கூப்பிடும் பிக்மீ செயலி இங்கேயும் வேலை செய்யும். தெருவில் மறித்து ஏறினால், ஏறும் முன்பே காசைக் கதைத்துக்கொள்ளுங்கள்.

விடியக் கோவில். கந்தசுவாமி கோவிலில் பூசை நேரம் பிசகாது என்பதை ஊரே அறியும்; ஐந்து நிமிடம் பிந்திப் போனால் பிந்தியதுதான். ஆண்கள் மேலாடையைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும். அரைக் காற்சட்டை வேண்டாம். வேட்டி இல்லாவிட்டால் விடுதியில் கேட்டுப் பாருங்கள், யாராவது இரவல் தருவார்கள். பெண்களுக்குச் சேலையோ பஞ்சாபியோ போதும். உள்ளே படம் எடுக்கக் கூடாது, கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அர்ச்சனைச் சீட்டு இன்றும் 1 ரூபாதான். விலைவாசி எங்கேயோ போய்விட்ட ஒரு நாட்டில் அந்தச் சின்னத் துண்டைக் கையில் வாங்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழும். திருவிழாவின்போது வெளிவீதி முழுக்க மணல் பரப்பியிருக்கும். ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்வதும் பெண்கள் விழுந்து கும்பிட்டபடி அடியழிப்பதும் அந்த மணலில்தான். அதனால் தடை போட்டிருக்கும் இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள், கோவில் வாசல் வரை போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

இப்போதுள்ள கோவில் 1734இல் எழுந்தது. அதற்கு முந்திய பெரிய கோவிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்துவிட்டார்கள். அது நின்ற இடமாகச் சொல்லப்படுவது முத்திரைச் சந்தி. பருத்தித்துறை வீதியால் கொஞ்சத் தூரம் போனால் யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியனின் சிலை வரும், பக்கத்தில் புனித யாக்கோபு தேவாலயம். சிலையடியில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மந்திரி மனையும் சங்கிலியன் தோப்பு வளைவும் அங்கேயே கிட்டத்தில்தான். யமுனா ஏரி என்ற பழைய கேணியை மட்டும் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் எழுத்து "ப" போன்ற வடிவில் கட்டிய கேணி அது. பிள்ளைகளுக்கு அந்த எழுத்தை நிலத்தில் கீறிக் காட்டிவிட்டுக் கேணியைக் காட்டுங்கள், மறக்கமாட்டார்கள். மந்திரி மனை மிகவும் பழுதடைந்த கட்டடம். வெளியில் நின்றே பாருங்கள். சுவரில் சாயவோ ஏறவோ வேண்டாம்.

வெயில் ஏறுவதற்கு முன் தின்னவேலிச் சந்தைக்குப் போய்விட வேண்டும். பலாலி வீதியும் ஆடியபாதம் வீதியும் சந்திக்கும் இடம். கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்த் தோட்டங்களிலிருந்து வரும் கத்தரியும் சின்ன வெங்காயமும், நீர்வேலிப் பக்கத்து வாழைக்குலைகளும், வல்லாரை, பொன்னாங்கண்ணி, முசுட்டை என்று கட்டுக்கட்டாகக் கீரையும் குவிந்திருக்கும். மாம்பழக் காலத்தில் போனால் கறுத்தக்கொழும்பான் கேளுங்கள். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பெட்டி பெட்டியாக என்னென்னவோ மாம்பழம் வாங்கியிருக்கிறேன், இந்த மணம் எதிலும் இல்லை. பழத்தை அமத்திப் பார்க்காதீர்கள். "இண்டைக்குச் சாப்பிட" என்றோ "ரெண்டு நாளால சாப்பிட" என்றோ சொன்னால் கடைக்கார அக்கா பார்த்து எடுத்துத் தருவார். ஒன்றும் வாங்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரிவது நல்லதல்ல. நூறு ரூபாய்க்கு ஒரு கட்டுக் கீரையாவது வாங்கி, விடுதிச் சமையல்காரரிடம் கொடுங்கள். மத்தியானம் சுண்டலாக வரும். சில்லறைத் தாள்கள் கைவசம் இருக்கட்டும். விடிய வேளையில் 5000 ரூபாத் தாளை நீட்டினால் பாவம், மாற்றித் தர அலைவார்கள். விலையைக் கேட்டவுடன் பவுண்சிலும் டொலரிலும் கணக்குப் போட்டு "சரியான மலிவு" என்று சத்தமாகச் சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அது மலிவாக இருக்காது.

ஒரு கேள்வி உங்களுக்கு நிச்சயம் வரும்: "நீங்கள் எந்த ஊர்? ஆற்றை (யாருடைய) பிள்ளை?" வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இது துருவிக் கேட்பதுபோலத் தோன்றும். இங்கே அது உங்களை ஓரிடத்தில் வைத்துப் பார்க்கும் அன்பு. ஊரையும் அப்பப்பாவின் பெயரையும் அவர் செய்த வேலையையும் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிக்கொடுங்கள். என் மகள் அப்பப்பாவின் பெயரைச் சொல்லப்போய், அவரோடு ஒரே வகுப்பில் படித்த ஒரு ஐயாவைச் சந்தையிலேயே கண்டுபிடித்தோம். பிள்ளைகளின் தமிழ் உடைந்த தமிழாக இருந்தாலும் தமிழிலேயே கதைக்க விடுங்கள். திருத்துவதற்கு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

மத்தியானம் சோறு. நல்லூர்க் கோவில் வீதியில் மாங்கோஸ் சைவச் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. நகரப் பக்கம் போனால் மலாயன் கஃபேயில் வாழையிலையில் போடுவார்கள். வெள்ளிக்கிழமைகளிலும் திருவிழா நாட்களிலும் பல வீடுகள் சைவம்தான். உறவினர் வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடிப்பதற்குப் போத்தல் தண்ணீரே நல்லது. சாப்பிட்டபின் மூன்று மணி வரை படுத்து எழும்புங்கள். அந்த வெயிலில் ஊரே ஆறுதலாகத்தான் இருக்கும்.

பின்னேரம் கம்பஸ் பக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இங்கே யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கம்பஸ் என்றால் போதும். பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளாகத்தில் 1974இல் அது ஆரம்பமானது. உள்ளே போக வேண்டுமானால் வாசலில் காவலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியும் அங்கேதான் இருக்கிறது. 2021 சனவரியில் இரவில் இடிக்கப்பட்டு, அதே ஆண்டிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. அங்கே நிற்கும்போது கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் நினைவிடத்துக்கும் இதுவே பொருந்தும். 1987 செப்டெம்பரில் அவர் பன்னிரண்டு நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டது நல்லூரில்தான். ஒவ்வொரு செப்டெம்பரிலும் அங்கே நினைவேந்தல் நடக்கும்.

இராமநாதன் வீதியிலும் பலாலி வீதியிலும் மாணவர்களை நம்பியே எத்தனையோ கடைகள்: போட்டோப்பிரதிக் கடை, யூஸ் கடை, கொத்துரொட்டிக் கடை, இப்போது குளிரூட்டிய கஃபேக்களும். புதிய கஃபே எது நல்லது என்று நான் பெயர் சொல்லமாட்டேன். அடுத்த வருடம் நீங்கள் வரும்போது அது வேறொன்றாக மாறியிருக்கும். பக்கத்து மேசையில் இருக்கும் தம்பி, தங்கச்சியிடம் கேளுங்கள், சரியான இடத்தைக் காட்டுவார்கள். ஏதாவது குடிப்பதற்குக் கஃபேக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. தெருவோரக் கடையில் ஒரு பிளேன்ரீயும் சூடான வடையும் எடுத்துக்கொண்டு வாங்கிலில் இருந்தால், பிள்ளைகள் பரீட்சையையும் வேலையில்லாமையையும் விசாவையும் பற்றிக் கதைப்பது காதில் விழும். அவர்கள் உங்களிடம் வெளிநாட்டைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். குளிரையும் கடனையும் இரவு வேலையையும் விட்டுவிட்டு, வீட்டையும் காரையும் மட்டும் சொல்ல வேண்டாம்.

பொழுதுபட மறுபடி நல்லூர். ரியோ ஐஸ்கிறீமுக்குப் போகாமல் வந்தால் பிள்ளைகள் மன்னிக்கமாட்டார்கள். நீண்ட கிண்ணத்தில் நிறநிறமாக அடுக்கி, மேலே வேபர் குத்தித் தருவார்கள். சனி, ஞாயிறு இரவுகளில் இடம் கிடைப்பது கஷ்டம், ஆறு மணிக்கு முன்பே போய்விடுங்கள். திருவிழா என்றால் கச்சான் கடைகளில் சுடச்சுட ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வீதியோரம் நில்லுங்கள்.

நகரத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள் பஸ்ஸை நம்பி இருக்க வேண்டாம். இருட்டியபின் பஸ் குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலமானால் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும், பள்ளம் தெரியாது. அந்த நாட்களில் சைக்கிளை விட்டுவிட்டு, காலையில் உங்களை ஏற்றி வந்த ஆட்டோ அண்ணையின் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவரே கேட்பார்.