மலையில் வாங்கும் சீஸ்: சத்தைக் கோட்டைவிட வைக்கும் தவறுகள்

கொடைக்கானலிலும் ஊட்டி, குன்னூர் கடைவீதிகளிலும் சாக்லேட், தைலம், வர்க்கியோடு சீஸும் பைக்குள் போய்விடுகிறது. வாங்குவதில் பிழையில்லை. செடார் என்ற கெட்டிச் சீஸ் ஒரு கிலோ செய்யச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். பாலின் புரதமும் கால்சியமும் அதில் சுண்டி நிற்கின்றன, கொழுப்பும் அப்படியே. இதை மறந்து அள்ளிச் சாப்பிடுவதுதான் முதல் தவறு.

தீப்பெட்டி அளவுத் துண்டு ஏறக்குறைய 30 கிராம். செடாரில் அவ்வளவு எடுத்தால் சுமார் 200 மி.கி. கால்சியம், 7 கிராம் புரதம், கொஞ்சம் பி12 கிடைக்கும். பெரியவர்களின் அன்றாடக் கால்சியம் தேவையான 1000 மி.கி.யில் இது ஐந்தில் ஒரு பங்கு. கூடவே 120 கலோரியும் 10 கிராம் கொழுப்பும் வரும். அதனால் வெண்ணெய் தடவும் இடத்தில் சீஸ் வைக்கலாம்; வெண்ணெய் தடவி அதன்மேல் சீஸும் வைத்தால் கணக்கு உதைக்கும்.

எல்லா சீஸும் ஒன்று என்று நினைப்பது அடுத்தது. கால்சியத்துக்காகக் கிரீம் சீஸ் வாங்குவது வீண். 30 கிராமில் 30 மி.கி. அளவுக்குத்தான் கால்சியம் இருக்கும். கிரீம் சீஸின் திடப்பொருளில் பெரும்பகுதி கிரீமின் கொழுப்பு. புளிக்கவைத்து உறைய வைப்பதால் கால்சியம் கரைந்து வடிநீரோடு போய்விடுகிறது. ரென்னெட் என்ற நொதி சேர்த்து உறைய வைக்கும் செடார், கவுடா வகைகளில் கால்சியம் தங்கும். சைவர்கள் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். சில ரென்னெட் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது.

உப்பைத்தான் பலர் கவனிப்பதில்லை. பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பால், உப்பு, கல்ச்சர் (புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள்), ரென்னெட் என்று முடிந்தால் அது இயற்கைச் சீஸ். 100 கிராமில் சோடியம் 650 மி.கி. அளவில் இருக்கும். 331, 339 போன்ற எண்கள் இருந்தால் அவை பதப்படுத்திய சீஸில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள். இவ்வகையில் சோடியம் பெரும்பாலும் 1000 மி.கி.யைத் தாண்டும். ஒரு நாளுக்கான வரம்பே 2000 மி.கி. பதப்படுத்திய சீஸை நஞ்சு என்று ஒதுக்க வேண்டியதில்லை, கால்சியம் இதிலும் உண்டு. ஆனால் குளிருக்கு இதமாக நூடுல்ஸ்மேல் துருவிப் போட்டால், மசாலா பொட்டலத்தின் உப்போடு இந்த உப்பும் சேரும். ரத்த அழுத்தக்காரர்கள் அதைத் தொடாமல் இருப்பதே மேல். சிறுநீரக நோயாளிகளுக்கு, இதில் சேர்க்கப்படும் பாஸ்பேட்டும் ஆகாது. பாமாயில் இருந்தால் அது சீஸ்போலச் செய்த பண்டம். விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கள் சீஸையே ஒதுக்குவதும் தேவையற்றது. பாலின் சர்க்கரையான லாக்டோஸில் பெரும்பகுதி வடிநீரோடு போகிறது, மிச்சத்தை நுண்ணுயிரிகள் அமிலமாக்கிவிடுகின்றன. நன்கு முதிர்ந்த செடார் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். பால் புரத ஒவ்வாமை வேறு விஷயம். அவர்களுக்கு எந்தச் சீஸும் கூடாது.

கர்ப்பிணிகள் பண்ணைச் சீஸ் வாங்கும்போது, பாஸ்டரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமி நீக்கிய) பாலா என்று கேட்டே ஆக வேண்டும். பச்சைப் பாலில் செய்த மென்மையான சீஸில் லிஸ்டீரியா கிருமி இருக்கக்கூடும். அது கருவைப் பாதிக்கும். காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுபவர்கள், லைனசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்கள் முதிர்ந்த சீஸுக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: அதிலுள்ள டைரமின் என்ற பொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடலாம். தைராய்டு மாத்திரைக்கும் சீஸுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

இனி வீட்டுக்குக் கொண்டுபோவது. மலைக்குளிரை நம்பி காரின் பின்பக்கம் போட்டுவிடுகிறார்கள். வத்தலக்குண்டோ மேட்டுப்பாளையமோ வருவதற்குள் கொழுப்பு கசிந்து மேலே எண்ணெய் மினுங்கும். ஐஸ் பொட்டலத்தோடு வெப்பம் புகாத பையில் வையுங்கள். வீட்டில் வெண்ணெய்த்தாளில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும். ஃபிரீசரில் வைத்தால் நீர் உறைந்து சீஸின் கட்டு உடையும், வெட்டும்போது உதிரும், சத்து போகாது. கெட்டிச் சீஸில் பூஞ்சை பிடித்தால் சுற்றிலும் 2.5 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம், கத்தி பூஞ்சையில் படக் கூடாது. துருவியதும் மென்மையானதும் பூஞ்சை பிடித்தால் முழுவதும் குப்பைக்குத்தான்.