சுங்கை சிப்புட்டில் வழி கேட்பது எப்படி: 'டு', 'டுவர்ட்ஸ்', 'இன்டு' மற்றும் 'கோஸ்தான்'

வேலைக்கு வந்தாலும் சரி, கல்யாணமாகி வந்தாலும் சரி, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தமிழுக்குப் பஞ்சமில்லை. சாப்பாட்டுக் கடை, சலூன், கோயில் என்று எங்கே போனாலும் நம் பேச்சு காதில் விழும். தடுமாற்றம் வருவது வழி கேட்கும்போதுதான். இங்கே ஒருவர் தமிழில் ஆரம்பித்து, நடுவில் மலாய்க்குப் போய், ஆங்கிலத்தில் முடிப்பார். "நேரா போங்கண்ணே, சிம்பாங்ல கிரி எடுத்து, ஈப்போ டுவர்ட்ஸ் போங்க." சிம்பாங் என்றால் முச்சந்தி, கிரி என்றால் இடப்பக்கம். வலப்பக்கம் கானான். இந்த மூன்றையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் 'யு' என்று ஓர் எழுத்து இருக்கும். வண்டியைத் திருப்பச் சொல்லும் அடையாளம் என்று நினைத்துவிட வேண்டாம். அது 'உத்தாரா', அதாவது வடக்கு. இதே பெயரில் வேறோர் இடமும் இருக்கிறது. அதிலிருந்து பிரித்துச் சொல்லத்தான் இந்த 'யு'. இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது கவனம்.

இனி ஆங்கிலம். நமக்கு 'க்கு' ஒன்று போதும்: ஈப்போவுக்கு, கடைக்கு, வீட்டுக்கு. ஆங்கிலத்தில் 'டு' என்றால் அந்த இடத்தில் போய்ச் சேர்கிறோம் என்று அர்த்தம். 'டுவர்ட்ஸ்' என்றால் அந்தப் பக்கமாகப் போகிறோம், அவ்வளவுதான். போய்ச் சேர்வோமா, பாதியில் திரும்புவோமா என்பதை அது சொல்லாது. முதலாளி "டிரைவ் டுவர்ட்ஸ் ஈப்போ, தென் டர்ன் அட் செமோர்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈப்போ நமக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். செமோர் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். 'ஈப்போ' மட்டும் காதில் வாங்கியவர் செமோரைத் தாண்டிப் போய் ஈப்போ நெரிசலில் நிற்பார், முதலாளி போனில் கத்துவார். 'டுவர்ட்ஸ்' கேட்டால் மனதில் 'ஈப்போ போற ரோட்டுல' என்று மாற்றிக்கொள்ளுங்கள், தப்பாது. நேரத்துக்கும் இதே கதைதான். 'டுவர்ட்ஸ் சிக்ஸ்' என்றால் ஆறு அடிக்கும் முன், ஆறை நெருங்கும் வேளை. சிலர் கடைசி எழுத்தை விட்டு 'டுவர்ட்' என்பார்கள், அது அமெரிக்கப் பழக்கம். இங்கே பள்ளியில் சொல்லித்தருவது பிரிட்டிஷ் வழக்கம்.

'க்கு' நம் வாயில் ஊறிப்போனதால் தேவையில்லாத இடத்திலும் 'டு' வந்து ஒட்டிக்கொள்ளும். 'கோ டு ஹோம்' கிடையாது, 'கோ ஹோம்'தான். 'கம் டு ஹியர்' இல்லை, 'கம் ஹியர்'. 'ரீச்' என்ற சொல்லிலேயே போய்ச் சேர்வது அடங்கியிருப்பதால் 'ரீச்ட் ஈப்போ' போதும். 'என்டர்' சொல்லுக்கும் பின்னால் எதுவும் வேண்டாம். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இந்த நாலை மட்டும் சரிசெய்துகொண்டாலே பேச்சு எவ்வளவோ தேறிவிடும்.

தோட்டத்து வேலைக்காரர்களுக்கு 'இன்டு' முக்கியம். 'கோ டு தி எஸ்டேட்' என்றால் கேட் வரைக்கும் போனாலே போதும். 'இன்டு தி எஸ்டேட்' என்றால் கேட்டைத் தாண்டி செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களுக்குள். பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்து ரோட்டில் நுழைவது 'டர்ன் இன்டு'. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் இடிபட்டுப்போன பிறகும் தோட்டப் பெயர்கள் அடையாளமாக நிற்கின்றன. எல்பில் தோட்டம் என்று சொன்னால் பெரியவர்கள் 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைகள் சுடப்பட்டதையும், அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலத்தையும் சேர்த்தே சொல்வார்கள். அவசரம் இல்லையென்றால் உட்கார்ந்து கேளுங்கள். அதே பெரியவர்கள் தூரத்தைக் 'கட்டை' கணக்கில் சொல்வார்கள். எட்டாம் கட்டை என்றால் எட்டாவது மைல்கல். கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் பாதி வழியில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

'டு'வுக்கும் 'அட்'டுக்கும் திசை ஒன்றுதான், எண்ணம் வேறு. தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடுவது 'ஷவுட் டு'. முகத்துக்கு நேரே திட்டுவது 'ஷவுட் அட்'. அலுவலகத்தில் போய் 'சூப்பர்வைசர் ஷவுட்டட் அட் மீ' என்றால் அது புகார். புகார்தான் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், தெரியாமல் சொல்லாதீர்கள்.

அப்புறம், எந்த இலக்கணப் புத்தகத்திலும் கிடைக்காத மலேசிய ஆங்கிலம். "ஐ சென்ட் யூ டு ஸ்டேஷன்" என்றால் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அர்த்தம், ஏறிக்கொள்ளுங்கள். "யூ வான்ட் டு ஃபாலோ?" என்றால் கூட வருகிறாயா என்பதுதான், பின்னாலேயே நடந்துவரச் சொல்லவில்லை. சாயந்திரம் "கோயிங் பேக் அல்ரெடி?" என்றால் வீட்டுக்குக் கிளம்பியாச்சா. 'அவுட்ஸ்டேஷன்' என்றால் வெளியூர். எனக்கு ரொம்பப் பிடித்தது 'கோஸ்தான்': வண்டியைப் பின்னால் எடுப்பது. கப்பல்காரர்களின் 'கோ அஸ்டர்ன்' கரையேறி லோரிக்காரர் வாய்க்கு வந்து இப்படி ஆகியிருக்கிறது. "கோஸ்தான், கோஸ்தான்" என்று யாராவது கத்தினால் உங்கள் முதுகுப்பக்கம் பாருங்கள்.

ரயில் நிலையத்தில் 'நார்த்பவுண்ட்' என்றால் கோலகங்சார், தைப்பிங் வழியாக வடக்கே போகும் வண்டி. 'சவுத்பவுண்ட்' ஈப்போ, கோலாலம்பூர் பக்கம். நெடுஞ்சாலைப் பலகைகளில் இவையே 'உத்தாரா', 'செலாத்தான்'. வெளியேறும் வழி 'கெலுவார்', நுழையும் வழி 'மாசோக்'.

நெடுஞ்சாலையில் வண்டி மோதிவிட்டால் 999-ஐ அழைத்து, சாலையோரப் பலகையில் இருக்கும் கிலோமீட்டர் எண்ணோடு 'நார்த்பவுண்ட்' அல்லது 'சவுத்பவுண்ட்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே கிலோமீட்டர் எண் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும், நடுவில் தடுப்பு இருக்கிறது. திசை சொல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டு, அடுத்த வெளியேறும் வழிவரை போய்த் திரும்பி வரவேண்டியிருக்கும்.