மதுரை வெயிலுக்குத் தாங்கும் புராஸ்டேட் மாதிரி: ஊசிப் பயிற்சிக்கு நாமே செய்யலாம்

புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுக்கான பிராக்கிதெரபியில் (கதிர் வீசும் சிறு விதைகளைச் சுரப்பிக்குள்ளேயே வைக்கும் சிகிச்சை), மலக்குடலுக்குள் அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்துப் படம் பார்த்தபடியே, மலவாய்க்கு முன்னால் உள்ள தோல் வழியாக ஊசி செலுத்துகிறார்கள். 4.5 மி.மீ. நீளமுள்ள அயோடின்-125 விதைகள் அந்த ஊசி வழியே சுரப்பிக்குள் இறங்கும். சில மி.மீ. தவறினாலும் மலக்குடலோ சிறுநீர்த் தாரையோ கூடுதல் கதிர் வாங்கும். இந்தக் கைப்பழக்கம் நோயாளியின் உடம்பில் தொடங்கக் கூடாது. அதற்குத்தான் இந்த மாதிரி.

பல செய்முறைகளில் ஜெலட்டின் சொல்வார்கள். நானும் முதலில் அதில்தான் செய்தேன். சித்திரைத் திருவிழா சமயம், மதியம் கரண்ட் போய் ஏசி நின்றது. சாயங்காலம் பார்த்தால் சுரப்பி பாத்திரத்தின் அடியில் கிடந்தது. ஜெலட்டின் 35 டிகிரிக்குள் இளகிவிடும். அகர் 85 டிகிரி வரை தாங்கும். ஜிகர்தண்டாவில் போடும் கடல்பாசிதான் அகர். கூடவே போடும் பாதாம் பிசின் இப்படி உறையாது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். பொடியாகக் கிடைத்தால் நிறுப்பது சுலபம்.

முதலில் சுரப்பி. 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் கிளிசரின், 3 கிராம் அகர் சேர்த்துத் தெளியும்வரை கொதிக்கவிடுங்கள். இதில் ஒரு கரண்டி எடுத்துப் பட்டாணி அளவில் தனியாக உறையவைத்தால் அதுதான் புற்றுக்கட்டி. மிச்சத்தில் கால் தேக்கரண்டி இசப்கோல் பொடியைக் கலக்குங்கள். திரையில் திசு போன்ற பொடிப்புள்ளிகளைத் தருவது இசப்கோல்தான். அது இல்லாத கட்டி கருப்பாகத் தெரியும். குழிப்பணியாரச் சட்டியில் இரண்டு குழிகளில் ஊற்றி, ஒன்றில் கட்டியை அமுக்குங்கள். உறைந்ததும் நடுவில் எண்ணெய் தடவிய ஸ்ட்ராவை வைத்து, சூடான அகரால் இரண்டையும் ஒட்டி, ஸ்ட்ராவை உருவிவிடுங்கள். அந்த ஓட்டைதான் சிறுநீர்த் தாரை.

கிளிசரினை விட்டுவிடாதீர்கள். திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்று எண்ணித்தான் மெஷின் தூரம் கணக்கிடுகிறது. கிளிசரின் இல்லாத அகரில் அது 1500 பக்கம் நின்றுவிடும்; 40 மி.மீ. தூரம் 41 என்று காட்டும்.

அடுத்து வெளித்திசு. ஒன்றரை லிட்டர் தண்ணீர், 150 கிராம் கிளிசரின், 23 கிராம் அகர், 7 தேக்கரண்டி இசப்கோல். அகரின் விகிதத்தை வேண்டுமென்றே பாதியாக்கியிருக்கிறேன். ஊசி குத்தும்போது உண்மையான புராஸ்டேட் நகரும், திரும்பும். சுற்றிலும் இளக்கமாக இருந்தால்தான் மாதிரியும் அப்படி நகரும். என் கணக்கில், மாதிரி நிஜம் போல இருப்பது என்றால் இதுதான். பார்வைக்கு அழகாக இருப்பது இரண்டாம்பட்சம்.

உயரமான டப்பாவில், புரோப் நுழையும் அளவு பிவிசி குழாயை எண்ணெய் தடவி நிறுத்துங்கள். கலவையைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றி, மேலே ஆடை கட்டியதும், குழாயிலிருந்து 5 மி.மீ. தள்ளிச் சுரப்பியை வையுங்கள். மிச்சத்தை 50 டிகிரிக்கு ஆறவிட்டு, நுரையை எடுத்துவிட்டு, ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். காற்றுக்குமிழ் ஒன்று நின்றாலும் அதன் பின்னால் நிழல் விழுந்து படம் கெட்டுவிடும். உறைந்ததும் குழாயைத் திருகி உருவுங்கள்.

அப்புறம் டப்பாவைப் படுக்கவைத்து, 5 மி.மீ. இடைவெளியில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டை முகப்பில் பொருத்துங்கள்; ஊசியை இந்தத் துளைகள் வழியாகத்தான் செலுத்த வேண்டும். விதைக்குப் பதில் 4.5 மி.மீ. நீளத்துக்கு வெட்டிய, 18 கேஜ் ஊசிக்குள் நுழையும் மெல்லிய எவர்சில்வர் கம்பி போதும். புரோபுக்கு உறை கட்டாயம். பயிற்சி ஊசி நோயாளியின் பக்கமே போகக் கூடாது.

பத்துக் கம்பி வைத்ததும் கத்தியால் 5 மி.மீ. வில்லைகளாக வெட்டி, ஒவ்வொன்றும் குறித்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். திரையில் சரியாகத் தெரிந்தது இங்கே விலகியிருக்கலாம். கம்பிகளைப் பொறுக்கிவிட்டு வெளித்திசுவை மறுபடி கொதிக்கவைத்தால் அடுத்த மாதிரிக்கு ஆகும். சுரப்பியை மட்டும் புதிதாக ஊற்றுங்கள்.